பெயர் கடைசியில் வரட்டும்: காட்டுச் செடிகளை இனங்காணப் பழகுவோருக்கு

வழியோரம் ஒரு செடி பூத்திருக்கிறது. "இது என்ன செடி?" என்று கேட்கத் தோன்றும். அந்தக் கேள்வியை ஒரு கால்மணி நேரம் தள்ளிப்போடுங்கள். பெயரை யாராவது சொல்லிவிட்டால் கண் அத்தோடு பார்ப்பதை நிறுத்திவிடும். அடுத்த மாதம் அதே செடி பூவில்லாமல் நின்றால் அடையாளம் தெரியாது. இலை எப்படி அடுக்கியிருக்கிறது, தண்டு உருண்டையா சதுரமா, பூவில் எத்தனை மகரந்தத் தாள்கள் என்று பார்த்துவிட்டுப் பெயருக்குப் போனால் செடியும் நினைவில் நிற்கும், அதன் உறவுக்காரச் செடிகளும் தானாகவே பிடிபடும்.

கையில் இருக்க வேண்டியவை

பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று போதும். இருபது மடங்கு வாங்கினால் இன்னும் நன்றாகத் தெரியும் என்று நினைத்துப் பலர் ஏமாறுகிறார்கள். அதில் பார்வைப் பரப்பு சுருங்கிவிடும், கை லேசாக நடுங்கினாலே படம் ஓடிவிடும். லென்ஸைச் செடிக்குப் பக்கத்தில் பிடித்துவிட்டுத் தூரத்திலிருந்து குனிந்து பார்ப்பது புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு. லென்ஸைக் கண்ணை ஒட்டிப் பிடியுங்கள், பூவைப் பறித்து லென்ஸை நோக்கிக் கொண்டுவாருங்கள். சுமார் 2.5 செ.மீ. தூரத்தில் தெளிவு வரும். லென்ஸ் பிடித்த கையும் பூ பிடித்த கையும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் ஆட்டம் நிற்கும். வெளிச்சம் பூவின் மேல் விழவேண்டும், உங்கள் தலையின் நிழல் அல்ல.

இதுபோக 15 செ.மீ. அளவுகோல், பென்சில் (ஈரத்தில் பேனா மை கரைந்துவிடும்), குறிப்பேடு, புது பிளேடு, ஒரு ஊசி, பூவைப் பிரித்து வைக்க உள்ளங்கையளவு வெள்ளை அட்டை, இரண்டு மூன்று பிளாஸ்டிக் பைகள். பையில் கொஞ்சம் காற்றை விட்டு வாயைக் கட்டினால் பூ சில மணி நேரம் வாடாமல் இருக்கும்.

முதலில் தள்ளி நின்று பாருங்கள்

செடியின் அருகில் உட்காருவதற்கு முன் நின்றபடியே நான்கு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பூண்டா, புதரா, மரமா, கொடியா? உயரம் எவ்வளவு? வெயிலிலா நிழலிலா? நிலம் மணலா, களியா, பாறையிடுக்கா, நீரோரமா? கொடியாக இருந்தால் எதைக்கொண்டு ஏறுகிறது என்றும் பார்க்கவேண்டும். தண்டே சுற்றி ஏறுகிறதா, பற்றுக்கம்பி இருக்கிறதா, கொக்கிபோன்ற முள்ளா? காந்தளில் இலையின் நுனியே நீண்டு சுருண்டு பற்றுக்கம்பியாகிறது. கோவைக்கொடியில் பற்றுக்கம்பி இலைக்காம்பின் பக்கத்தில் கணுவிலிருந்து தனியாகப் புறப்படுகிறது. இந்த ஒன்றை வைத்தே இரண்டையும் பூவில்லாமல் பிரித்துவிடலாம்.

தண்டு

தண்டை இரண்டு விரல்களுக்கு நடுவே உருட்டுங்கள். உருண்டையாக இருந்தால் வழுக்கிக்கொண்டு உருளும். சதுரமாக இருந்தால் தடக் தடக்கென்று நிற்கும். முக்கோணமாக இருந்தால், பார்ப்பதற்குப் புல் போல இருந்தாலும் அது பெரும்பாலும் கோரை. புல்லின் தண்டு உருண்டையாக, கணுவிடையில் பொதுவாக உள்ளீடற்று இருக்கும். இலைகள் இரண்டு வரிசையில் வரும். கோரையின் தண்டு உள்ளே நிறைந்திருக்கும், இலைகள் மூன்று வரிசையில் வரும். புற்களை முதல் ஆண்டில் இந்த அளவோடு விட்டுவிடுங்கள். அவற்றின் பூக்கள் மிகச் சிறியவை, சொற்களும் வேறு. ஆரம்பத்திலேயே அங்கே போய் மாட்டிக்கொண்டவர்கள் பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

சதுரத் தண்டு என்றவுடன் "துளசிக் குடும்பம்" என்று எழுதிவிடவும் கூடாது. தும்பைக்குச் சதுரத் தண்டு, எதிரெதிர் இலை. உண்ணிச்செடிக்கும் அப்படியே. நிலவேம்புக்கும் அப்படியே. மூன்றும் மூன்று குடும்பங்கள். பிரித்துக் காட்டுவது பூவும் காயும்: தும்பையில் 4 மகரந்தத் தாள்கள், புல்லிக்குழலின் (பூவின் அடியிலுள்ள பச்சை உறை) அடியில் நான்காகப் பிளந்த சூலகம் (காயாக மாறும் பகுதி). நிலவேம்பில் 2 மகரந்தத் தாள்களே, காய் நீண்டு தட்டையாக இருந்து முற்றியதும் வெடிக்கும். உண்ணிச்செடியில் கொத்தாகச் சதைக்கனிகள், கனிந்தால் கருமை. எந்த ஒரு அடையாளமும் தனியாக நின்று குடும்பத்தைச் சொல்லாது. குறைந்தது மூன்று அடையாளங்கள் சேரவேண்டும்.

ஒரு இலையைக் கிள்ளிப் பால் வருகிறதா என்று பாருங்கள். எருக்கிலும் வரும், அம்மான் பச்சரிசியிலும் வரும், ஆலிலும் வரும். இவையும் வேறுவேறு குடும்பங்கள்தாம். கிள்ளிய கையைக் கழுவாமல் கண்ணைத் தொடவேண்டாம். எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு.

இலையா, கிளையா?

அதிகமாகச் சறுக்கும் இடம் இது. அதனால் இங்கே கொஞ்சம் நின்று போகலாம்.

கீழாநெல்லியை எடுத்துக்கொள்ளுங்கள். மெல்லிய காம்பு ஒன்றில் இரண்டு பக்கமும் சிறு சிறு இலைகள் வரிசையாக இருக்கும். பார்த்தவுடன் தொட்டாற்சுருங்கி, ஆவாரை மாதிரிக் கூட்டிலை (பல சிற்றிலைகள் சேர்ந்த ஒரே இலை) என்றுதான் தோன்றும். இப்போது அந்தக் காம்பைத் திருப்புங்கள். ஒவ்வொரு சிறு இலையின் அடியிலும் ஒரு பூவோ காயோ தொங்குகிறது. பூவும் மொட்டும் இலைக்கும் தண்டுக்கும் இடையிலுள்ள கோணத்தில்தான் பிறக்கும், சிற்றிலையின் கோணத்தில் பிறக்காது. ஆகவே கீழாநெல்லியின் ஒவ்வொரு சிறு இலையும் ஒரு முழு இலை. நீங்கள் கூட்டிலை என்று நினைத்தது இலைகள் அடுக்கிய ஒரு சிறு கிளை.

ஆவாரையில் இதே சோதனையைச் செய்துபாருங்கள். சிற்றிலைகளின் அடியில் மொட்டு எதுவும் இல்லை. நடுக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில்தான் மொட்டு இருக்கிறது. அதனால் அந்தக் காம்பும் அதிலுள்ள எல்லாச் சிற்றிலைகளும் சேர்ந்து ஒரே இலை. அங்கேயே லென்ஸை வைத்தால் இன்னும் இரண்டு அடையாளங்கள் கிடைக்கும். காம்பின் அடியில் இருபுறமும் காது மடல்போல அகன்ற இலையடிச்செதில்கள். ஒவ்வொரு சோடிச் சிற்றிலைக்கும் நடுவே குச்சிபோல நிமிர்ந்த ஒரு சுரப்பி. இந்தச் செடியின் அறிவியல் பெயரில் உள்ள ஆரிகுலேட்டா என்ற சொல் "காதுடையது" என்று பொருள்படும். பெயர் செடியிலேயே எழுதியிருக்கிறது.

"மொட்டு எங்கே?" என்ற இந்தக் கேள்வி தீர்ந்தபின்தான் இலை அடுக்கத்தைச் சொல்லமுடியும். ஒரு கணுவில் ஒரு இலை என்றால் மாற்றிலை, இரண்டு என்றால் எதிரிலை, மூன்று அல்லது அதற்குமேல் என்றால் வட்டம். தண்டின் நடுப்பகுதியில் பாருங்கள். நுனியில் கணுக்கள் நெருக்கமாக இருப்பதால் மாற்றிலைகூட எதிரிலை போலத் தெரியும். அடியில் நாற்றுப் பருவத்து இலைகள் வேறு மாதிரி இருக்கும். வெட்டிய அடிமரத்திலிருந்து துளிர்த்த கிளையின் இலைகளையும் அளவெடுக்கக் கூடாது, வழக்கத்தைவிட இருமடங்குகூட இருக்கும். ஐந்து முதிர்ந்த இலைகளையாவது அளந்து "3.5 முதல் 6 செ.மீ." என்று வீச்சாக எழுதுங்கள். "சிறிய இலை" என்று எழுதினால் ஒரு வாரம் கழித்து உங்களுக்கே பொருள் புரியாது.

விளிம்பு, நுனி, நரம்பு, இரு பக்க மயிர் எல்லாவற்றையும் ஒரு வரியில் எழுதிவிடலாம். மயிரை மட்டும் லென்ஸில் பாருங்கள். துத்தி இலையில் ஒரே புள்ளியிலிருந்து பல மயிர்கள் நட்சத்திரம்போல விரிந்திருக்கும். செம்பருத்திக் குடும்பத்துக்கு அது நல்ல சான்று.

பூவைப் பிரிப்பது

மூன்று பூக்களாவது வேண்டும்: ஒன்று எண்ண, ஒன்று நீளவாக்கில் வெட்ட, ஒன்று சூலகத்தைக் குறுக்காக வெட்ட. எண்ணிக்கையைக் குறைந்தது ஐந்து பூக்களில் சரிபாருங்கள். ஒரு பூவில் ஒரு தாள் உதிர்ந்திருந்தால் கணக்கு தவறிவிடும். அதனால் மலரப்போகும் மொட்டைத் திறந்து எண்ணுவதே பத்திரம்.

வெளியிலிருந்து உள்ளே போங்கள். புல்லி எத்தனை, இணைந்ததா தனித்ததா. அல்லி (நிறமுள்ள இதழ்) எத்தனை, இணைந்ததா தனித்ததா. மகரந்தத் தாள் எத்தனை, எதன்மேல் ஒட்டியிருக்கிறது. சூலகம் அல்லி புறப்படும் இடத்துக்கு மேலேயா கீழேயா, உள்ளே எத்தனை அறைகள்.

அல்லி இணைந்ததா என்று பார்க்க ஒரு இதழை மெல்ல இழுங்கள். முழுக் குழலும் கையோடு வந்தால் இணைந்தது. இதிலும் ஒரு பொறி உண்டு. துத்தியிலும் செம்பருத்தியிலும் இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டாதவை. ஆனால் ஒவ்வொன்றும் அடியில் மகரந்தத் தாள்குழலோடு ஒட்டியிருப்பதால் பூ வாடும்போது எல்லாம் சேர்ந்தே உதிரும். பின்பக்கம் திருப்பி, இரண்டு இதழ்களுக்கு நடுவில் ஊசியை விட்டால் உண்மை தெரியும்.

தும்பையில் பழகுவது எளிது. வெள்ளைப் பூவைப் பிடித்து இழுத்தால் குழலாகக் கழன்று வரும். மேலுதடு சிறியது, குல்லாய்போலக் குவிந்து மேலே அடர்ந்த மயிருடன் இருக்கும். கீழுதடு பெரியது, மூன்று மடல். குழலை ஊசியால் நீளவாக்கில் கிழித்து அட்டையில் விரித்தால் நான்கு தாள்களும் அல்லியின் உட்சுவரில் ஒட்டியிருப்பது தெரியும். செடியில் மிச்சமிருக்கும் புல்லிக்குழலைக் கிழித்து அடியைப் பார்த்தால் நான்கு குமிழ்களாகச் சூலகம். முற்றினால் அவையே நான்கு விதைபோன்ற கனிகள். இதை ஒருமுறை கையால் செய்தவர்களுக்குத் துளசியும் அதே குடும்பம் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வெட்டுக்காயப்பூண்டில் பெரும்பாலானவர்கள் "ஐந்து இதழ், நடுவில் மஞ்சள்" என்று எழுதுகிறார்கள். அது ஒரு பூவே அல்ல. அதை நடுவில் நெடுக்காக வெட்டி லென்ஸில் பாருங்கள். மஞ்சள் நடுப்பகுதி முழுக்கச் சிறு குழாய்ப் பூக்கள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து பல் நுனி. ஓரத்தில் "இதழ்" என்று நினைத்ததும் தனித்தனிப் பூதான், நுனியில் மூன்று பற்கள் இருக்கும். அடியில் பச்சையாக இருப்பது புல்லியல்ல, பூவடிச்செதில்கள். உண்மையான புல்லி ஒவ்வொரு சிறுபூவின் கீழும் மயிர்க்கற்றையாக மாறிவிட்டது. விதை காற்றில் பறப்பது அதனால்தான். சூரியகாந்திக் குடும்பம் முழுவதற்கும் இந்தத் தலைமஞ்சரி அமைப்பே அடையாளம். கரிசலாங்கண்ணியையும் பார்த்தீனியத்தையும் இதே கண்ணோடு பார்க்கலாம். பார்த்தீனியத்தைக் கையுறை இல்லாமல் பிரிக்கவேண்டாம், சிலருக்குத் தோலில் ஒவ்வாமை வரும்.

சூலகம் கீழ்மட்டமா என்று அறியக் கோவைக்கொடியின் பூக்களைப் பாருங்கள். சில பூக்களின் கீழே குட்டிக் காய்போல ஒரு வீக்கம் இருக்கும், அவை பெண்பூக்கள். அல்லி அந்த வீக்கத்தின் மேலிருந்து புறப்படுகிறது. வீக்கமில்லாதவை ஆண்பூக்கள்.

குடும்பத்தைப் பிடியுங்கள்

பூக்கும் தாவரங்களின் வகைப்பாட்டில் இன்று பெரும்பாலும் பின்பற்றப்படும் ஏபிஜி (ஆஞ்சியோஸ்பெர்ம் ஃபைலோஜெனி குரூப் என்ற தாவரவியலாளர் குழு) முறையின் 2016-ஆம் ஆண்டுப் பதிப்பு 416 குடும்பங்களைச் சொல்கிறது. அந்த எண்ணைக் கண்டு மலைக்கவேண்டாம். திறந்தவெளியில் கண்ணில் படும் செடிகளில் பெரும்பகுதி சில பெரிய குடும்பங்களுக்குள் வந்துவிடும். முதல் ஆண்டுக்கு எட்டு போதும்: அவரை, துளசி, சூரியகாந்தி, செம்பருத்தி, ஆமணக்கு, எருக்கு, கத்தரி, வெள்ளரி. ஒவ்வொன்றுக்கும் ஒரு செடியை உரித்துப்பார்த்து, பிடிமானமாக வைத்துக்கொள்ளுங்கள்.

அவரைக் குடும்பம், அதாவது ஃபேபேசியே, பெரும்பாலும் இரண்டாகப் பிளக்கும் நெற்று உடையது. பூ மூன்று மாதிரி வரும். வண்ணத்துப்பூச்சி வடிவம் ஒன்று, ஆவாரை போல ஏறக்குறைய சமமாக விரிந்தது ஒன்று, கருவேலம்போல மகரந்தத் தாள்கள் பஞ்சுருண்டையாக நீட்டிக்கொண்டிருப்பது ஒன்று. பூவை மட்டும் பார்த்தால் மூன்றையும் ஒரே வீடு என்று சொல்லத் தோன்றாது, நெற்றைப் பார்த்தால் தோன்றும். ஆமணக்குக் குடும்பத்தில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு, காய் பெரும்பாலும் மூன்று புடைப்பாக இருக்கும். பால் சில செடிகளில் மட்டும். குப்பைமேனியில் பால் இல்லை, ஆனாலும் இந்தக் குடும்பம்தான். கத்தரிக் குடும்பத்தில் ஐந்து அல்லி இணைந்து, ஐந்து தாள்கள். தூதுவளை, கண்டங்கத்திரிப் பூவில் மகரந்தப்பை நுனியில் ஊசி குத்தினாற்போல இரண்டு துளைகள் லென்ஸில் தெரியும்.

திறவுகோலை நடத்துவது

வட்டாரத் தாவர நூல்களில் அடையாளத் திறவுகோல் இருக்கும். இரண்டிரண்டாகக் கூற்றுகள் வரும், பொருந்துவதைத் தேர்ந்து அது காட்டும் எண்ணுக்குப் போகவேண்டும். முதல் கூற்று பொருந்தினாலும் இரண்டாவதையும் படியுங்கள். பல நேரம் இரண்டாவது இன்னும் நன்றாகப் பொருந்தும். எந்தப் பக்கம் போவது என்று தெரியாவிட்டால் அந்த எண்ணைக் குறித்துவைத்து இரண்டு வழியிலும் போய்ப் பாருங்கள். தவறான வழி சீக்கிரமே "முள்ளுள்ள மரம்" என்பதுபோல அபத்தமான இடத்தில் முடியும்.

பாதை முற்றிலும் தொலைந்தால் காரணம் அநேகமாக இவற்றுள் ஒன்று: கூட்டிலையைக் கிளை என்றோ கிளையைக் கூட்டிலை என்றோ எடுத்தது, இணைந்த அல்லியைத் தனித்தது என்றது, தலைமஞ்சரியை ஒரு பூவாக எண்ணியது, தோட்டத்திலிருந்து தப்பி வளர்ந்த செடியை நூலில் தேடியது. கடைசியில் ஒரு பெயர் கிடைத்தால் உடனே மகிழ்ந்துவிடாமல் அந்த இனத்தின் முழு விவரணையையும் செடியோடு ஒப்பிடுங்கள். பத்தில் எட்டுப் பொருந்தி இரண்டு பொருந்தாவிட்டால் பெயர் தவறு என்றே கொள்ளுங்கள்.

பெயர்கள் பற்றிக் கொஞ்சம்

நாட்டுப் பெயர் இனிமையானது, ஆனால் வகைப்பாட்டுக்கு உதவாது. நெருஞ்சில் என்ற பெயரில் இரண்டு செடிகள் உண்டு. தரையில் படரும் சிறுநெருஞ்சிலுக்குக் கூட்டிலை, ஐந்து தனி மஞ்சள் இதழ். பெருநெருஞ்சில் நிமிர்ந்து நிற்கும், தனியிலை, மஞ்சள் குழல் பூ, அதன் தழையைத் தண்ணீரில் கலக்கினால் கொழகொழவென்று ஆகிவிடும். இரண்டும் வேறு குடும்பங்கள். முள்ளுள்ள காய் காலில் குத்துவது மட்டுமே ஒற்றுமை.

அறிவியல் பெயரில் முதல் சொல் பேரினம், இரண்டாவது அந்தப் பேரினத்துக்குள் சிற்றினத்தைக் குறிக்கும் அடைமொழி. தாவரங்களுக்கு இந்த இருசொல் முறை 1753-இல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் வழியாக நிலைபெற்றது. பழைய நூலில் ஒரு பெயரும் புதிய நூலில் இன்னொன்றும் இருந்தால் குழம்பவேண்டாம். ஆவாரை முன்பு காசியா ஆரிகுலேட்டா, இப்போது சென்னா ஆரிகுலேட்டா. கருவேலம் அக்கேசியாவிலிருந்து வாச்சேலியாவுக்குப் போனது. கீழாநெல்லி முன்பு ஆமணக்குக் குடும்பத்தில் இருந்தது, இப்போது ஃபில்லாந்தேசியே என்ற தனிக் குடும்பம். இரண்டு பெயர்களையும் குறிப்பேட்டில் எழுதிவைத்தால் எந்த நூலிலும் தேடலாம்.

படமும் செயலியும்

கைபேசிச் செயலி ஒரு யோசனை சொல்லும், முடிவு சொல்லாது. பூவை மட்டும் நேராக எடுத்த படத்தில் தண்டோ காம்போ பூவின் அடிப்பகுதியோ இராது. பிரித்தறிய வேண்டிய அடையாளமே படத்தில் இல்லாதபோது செயலி என்ன செய்யும்? ஒரு செடிக்கு ஆறு படங்கள் எடுங்கள்: முழுச் செடி, கணுவும் இலையடியும், இலையின் மேற்புறம், அடிப்புறம், பூ பக்கவாட்டில் புல்லி தெரியும்படி, காய். ஏதாவது ஒரு படத்தில் அளவுகோல் இருக்கட்டும். செயலி தரும் பெயரைத் திறவுகோலில் பின்னோக்கிச் சரிபாருங்கள்.

தொடக்கூடாதவை, வாயில் வைக்கக்கூடாதவை

சுவைத்து அடையாளம் காணும் வழக்கம் வேண்டாம். ஊமத்தை, காந்தள் கிழங்கு, குன்றிமணி மூன்றும் உயிரைப் பறிக்கக்கூடிய நஞ்சு. காஞ்சொறி தொட்டாலே கடுக்கும். பூனைக்காலியின் நெற்றில் உள்ள பொன்னிற மயிர் பறந்து வந்து ஒட்டினாலும் தாங்கமுடியாத அரிப்பு. முகர வேண்டுமானால் இலையைக் கசக்கிய விரலை முகருங்கள், அதுவும் மேற்சொன்னவை இல்லை என்று தெரிந்த பின்.

அழுத்தி உலர்த்துவது

சேகரிக்கும் முன் சுற்றிலும் எண்ணுங்கள். ஓரிரண்டு செடிகளே இருந்தால் படத்தோடு விட்டுவிடவேண்டும். காப்புக்காட்டில் அனுமதியின்றிப் பறிக்கக்கூடாது. பூவும் காயும் உள்ள கிளையை, சிறுசெடி என்றால் வேரோடு எடுங்கள். ஒட்டும் தாளின் அளவு ஏறத்தாழ 29 × 42 செ.மீ. செடி அதைவிட நீளமானால் வெட்டாமல் இடையில் மடித்து வையுங்கள். ஒரு இலையாவது அடிப்புறம் மேலே தெரியும்படி இருக்கவேண்டும்.

செய்தித்தாள் மடிப்புக்குள் வைத்து, மேலும் கீழும் சில தாள்கள் அடுக்கி, இரண்டு பலகைகளுக்கு நடுவில் இறுக்கிக் கட்டுங்கள். முதல் மூன்று நான்கு நாள் தினமும் தாளை மாற்றவேண்டும். அதைச் சோம்பலால் விட்டால் இலை கறுக்கும், பூசணம் பிடிக்கும். சாதாரணச் செடி ஒரு வாரம் முதல் பத்து நாளில் காயும், சதைப்பற்றுள்ளது இன்னும் இழுக்கும். கன்னத்தில் வைத்துப்பாருங்கள், சில்லென்று இருந்தால் ஈரம் போகவில்லை. காய்ந்தபின் தெரியாமல் போகிறவற்றைப் பறித்த இடத்திலேயே எழுதவேண்டும்: பூவின் நிறம், மணம், பால், உயரம், நிலம், இடம், தேதி.

பெயர் கிடைக்காத செடிக்கு "அவரைக் குடும்பம், எண் 14" என்று எழுதி வையுங்கள். பூ மட்டும் கிடைத்திருந்தால் நான்கைந்து வாரம் கழித்து அதே இடத்துக்குப் போய்க் காயைப் பாருங்கள். எண் 14-இன் பக்கத்தில் அதற்கென்று அரைப்பக்கம் காலியாக விட்டிருக்கவேண்டும்.